மலைக்கு நேர்ந்த தாடி

என் வீட்டுக்காரருக்குத் தாடி பொருந்தாது. கல்யாணமான நாளிலிருந்து மழமழவென்று இருந்த முகம். அதில் போய் நெஞ்சு வரைக்கும் தாடி விட்டுக்கொண்டு, மைசூர் முழுக்கக் கட்டடம் கட்டடமாக டைல்ஸ் ஒட்டப் போனால் எப்படி இருக்கும்? சிமெண்டுத் தூசி பாதி அதில்தான் இருக்கும். சாமியார் வந்துட்டாரு, காலில் விழுங்க என்று நானே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அவருக்குக் கோபமே வராது. ஏனென்றால் அந்தத் தாடி எனக்காக நேர்ந்தது.

முந்தின வருஷம் என் கர்ப்பப்பையில் கட்டி என்று அறுத்து எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கெட்ட கட்டியா இல்லையா என்று முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில்தான் இவர் மாதேஸ்வரன் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, இவளுக்கு ஒன்றும் இல்லையென்று வந்தால் உன் மலைக்கு வந்துதான் முடியும் தாடியும் எடுப்பேன், அதுவரை கத்தி படாது என்று வேண்டிக்கொண்டார். ஒன்றும் இல்லையென்றுதான் வந்தது. உடனே போயிருக்க வேண்டியதுதானே? கொள்ளேகால் போய்ப் பஸ் மாறினால் மலை. இரண்டு பேரும் போய் மழித்துவிட்டு வந்துவிடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. சொந்த ஊரான மார்டள்ளியில் இருக்கும் சொந்தபந்தம் எல்லாரையும் அழைத்துப் போய், மலையிலேயே பொங்கிப் பந்தி போட வேண்டுமாம். என் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனே அடையவில்லை, மேஸ்திரி கூலியை இழுத்தடிக்கிறான், இதில் பந்தியா என்று கத்தினேன். “சாமிகிட்டக் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது புள்ள” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பிறகு இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று அதோடேயே வேலைக்குப் போனார். ஒரு காலையில் படியில் பாதி ஏறியவர் மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மெஷின் வைத்த படுக்கை எதுவும் காலியில்லை, பேர் எழுதி வைத்திருக்கிறோம், காத்திருங்கள் என்றார்கள். அவர் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பது? ஆட்டோவில் போட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். தாலிக்கொடியை அடகு வைத்து முன்பணம் கட்டினேன். விஜயநகரில் நான் சமைக்கும் வீட்டு அம்மா சம்பளத்தை முன்கூட்டியே தந்தார். அதோடு எனக்குக் கேட்க ஆளில்லை.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். இரண்டு நுரையீரலும் கெட்டிருக்கிறது. இப்போதைக்கு முகத்தில் மாஸ்க் போட்டு மெஷினால் காற்றை உள்ளே தள்ளுகிறோம். இது பிடித்துக்கொண்டால் தப்பிப்பார். இல்லையென்றால் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும். குழாய் இறக்கினால் இந்த நிலைமையில் மீண்டு வருவது கஷ்டம், செலவும் உங்களால் தாங்க முடியாது. எல்லாம் கன்னடத்தில்தான் சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன்.

மாஸ்க் பிடிக்கவில்லை. வாரை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தாடிக்குள் புகுந்து காற்று புஸ்ஸென்று வெளியே போனது. மெஷின் ஓயாமல் கத்தியது. நர்ஸ் பெண் ஏதோ களிம்பைத் தடவிப் பார்த்தாள், பஞ்சை வைத்துப் பார்த்தாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, தாடியை எடுத்தால்தான் மாஸ்க் உட்காரும், நீங்களே சொல்லுங்கள் அக்கா, கையை வைத்தாலே தடுக்கிறார் என்றாள்.

இதற்கா இவ்வளவு என்று நினைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் சொன்னேன். மாஸ்கை ஒரு கையால் விலக்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேடித் தேடிச் சொன்னார்:

“அது உன் உசுருக்கு நேந்தது. தொட வேண்டாம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இடம் பொருள் தெரியவில்லை. “உங்க உசுரு போனா என் உசுர வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?” என்று அந்த ஐசியுவிலேயே சண்டை போட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர்களின் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஊசி குத்தியிருந்த கையால் தாடியைப் பொத்திக்கொண்டார். நினைவோடு இருக்கும் ஆளை அமுக்கிப் பிடித்துச் செய்ய முடியாது, சம்மதிக்க வையுங்கள் என்று டாக்டர் போய்விட்டார்.

மார்டள்ளியில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவள் அழுது முடித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து அவர் கையில் கட்டி, பிறகு மலைக்கு வந்து செலுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு எடுத்தால் குற்றமில்லை. கேன்டீனில் கெஞ்சி ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் வாங்கி, புடவைத் தலைப்பைக் கிழித்து நனைத்து, காசை முடிந்து அவர் மணிக்கட்டில் கட்டினேன். உங்க அக்காவே சொல்லிட்டாங்க என்று காதில் சொன்னேன். முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குன்னா சரி” என்றார். அவ்வளவுதான். அவருக்காக நேர்ந்ததாக இருந்தால் சாமியிடம் தவணை கேட்பாராம். எனக்காக நேர்ந்ததில் கேட்க மாட்டாராம். இந்த மனிதனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மத்தியானம் முழுக்க மெஷின் கத்தியது. சாயங்காலம் ஆனபோது தாடியைப் பொத்தியிருந்த கை தானாகவே சரிந்து படுக்கையில் விழுந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். எடும்மா என்றேன். அவர் தடுப்பார் என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். தடுக்கவில்லை, அதற்கு வலு இல்லை. மாதேஸ்வரா, மாதப்பா, எதுவானாலும் என் தலையோடு போகட்டும், இவரை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னேன்.

தாடி போனதும் கீழே இருந்த முகத்தைப் பார்த்தேன். அது என் வீட்டுக்காரரின் முகமே இல்லை. கன்னம் இரண்டும் குழிந்து, பல்லின் வரிசை தோலுக்கு மேலேயே தெரிந்தது. இரண்டு வேளையும் நான்தான் சோறு போட்டேன். இவர் இப்படி வற்றிப் போனதைத் தாடி மறைத்துவிட்டதா, நான்தான் பார்க்கவில்லையா?

நர்ஸ் மாஸ்கை வைத்து வாரை இழுத்தாள். மறுபடியும் புஸ்ஸென்றது. கன்னத்துக் குழி வழியாகக் காற்று போனது. வேறு அளவு மாஸ்க் கொண்டுவந்தாள், குழியில் பஞ்சை வைத்து அழுத்தினாள். எதுவும் நிற்கவில்லை. அந்தப் பெண்ணுக்கே அழுகை வந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். கன்னத்தில் சதையே இல்லை, மாஸ்க் எதன் மேல் உட்காரும், குழாய் இறக்கவா, உடனே சொல்லுங்கள் என்றார். இறக்குங்கள் என்றேன். பணத்தை எங்கிருந்து கட்டுவேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் என்னைப் பக்கத்தில் விட்டார்கள். அவர் கண் திறந்தார். வெறும் கன்னத்தில் காற்றுப் பட்டதிலேயே தெரிந்திருக்கும், தாடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கையை மெதுவாக நகர்த்தி, என் புடவைக்கு மேலாக அடிவயிற்றில், ஆபரேஷன் செய்த இடத்தில் வைத்தார். வலிக்கிறதா என்று புருவத்தால் கேட்டார்.

அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். இல்லைங்க என்று தலையாட்டினேன். நம்பினாரா என்று தெரியவில்லை.