எர்சீலியாவின் ஏழாவது செடி

என் பட்டச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் கொண்டுவந்தவர் எர்சீலியா. அன்றுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன். கடற்கரையில் பிறந்து, மயெல்லா மலைமேல் உள்ள எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தபால் வேலைக்குப் புதிது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விவசாயப் படிப்பா? இந்தத் தெருவுக்கே முதல் டாக்டர்னாங்களே, நீதானா தம்பி?”

எங்கள் நாட்டில் எந்தப் பட்டம் வாங்கினாலும் டாக்டர்தான். எட்டாம் வகுப்போடு நின்ற என் அப்பா அந்த உறையைத் தொடும்முன் கை கழுவிவிட்டு வந்தார்.

மறுவாரமே எர்சீலியா தன் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். ஏழு ஆர்ட்டிசோக் செடிகள். பூக்கும்முன் மொட்டாகவே பறித்துத் தின்கிறோமே, அதே செடிதான்.

“எங்கப்பா வயல்லேருந்து பக்கக்கன்னு எடுத்து வந்து வச்சேன். வயல வித்தாச்சு, அங்க கட்டடம் வந்துடுச்சு. இதுவும் போனா எங்க ரகமே அத்துப்போயிடும். பனி கொட்டப்போவுது. என்ன செய்யலாம் டாக்டரே?”

அடுத்த தோட்டத்து துலியோ வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “இந்த உயரத்துல ஆர்ட்டிசோக்கா? அடுத்து மீன் நட்டுப் பாரு தங்கச்சி!”

தண்டை வெட்டி, மண் அணைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுக மூடச் சொன்னேன். குளிர் உள்ளே போகக்கூடாது என்பது மட்டுமே என் மண்டையில் இருந்தது. டாக்டர் சொல்லிவிட்டார் என்று துலியோவும் தன் அத்திக்கன்றை அதேபோலப் பிளாஸ்டிக்கால் பொதிந்து கட்டினார்.

மார்ச்சில் பனி உருகியதும் தாளைப் பிரித்தோம். அழுகல் நாற்றம் மூக்கில் அடித்தது. உள்ளே வேர்த்த ஈரம் வெளியேற வழியில்லாமல் ஆறு குருத்தும் கறுத்துக் கூழாகிக் கிடந்தன. எனக்குத் தலை நிமிரவில்லை.

எர்சீலியா சுவரோரம் போனார். அங்கே ஒரு பழைய திராட்சைக் கூடை கவிழ்ந்திருந்தது. மேலே மழைக்கு ஒரு ஓடு. கூடையைத் தூக்கிச் சருகை விலக்கினார். சாம்பல் பூத்த பச்சையில், விரல் நீளத்துக்கு ஒரு இலை.

“இதுக்கு மட்டும் ஏன்க்கா பிளாஸ்டிக் போடல?”

“ஆறு உன் படிப்புக்கு, ஒண்ணு என் பயத்துக்கு.”

அதற்குள் வேலிப்பக்கம் குரல் கேட்டது. “டாக்டரே, என் அத்தி செத்துப்போச்சு. அதுக்கும் ஒரு சான்றிதழ் குடுப்பியா?”

நான் வாய் திறக்கும்முன் எர்சீலியா முந்திக்கொண்டார். காலால் மண்ணைத் தள்ளி அழுகல்களை மூடியபடியே. “இவ்ளோ பனி நீங்க எந்த வருஷம் பாத்தீங்கண்ணே? பனியில போனதுக்குப் புள்ள என்ன பண்ணும்?”

தன் ஆறு செடியைச் சாகடித்தவனுக்காக அவர் சொன்ன பொய் அது. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் ஊரில் என் படிப்பை ஒருவரும் மதித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் துலியோவிடம் மட்டும் மறுநாளே உண்மையைச் சொல்லி, ஒரு அத்திக்கன்றும் வாங்கிக் கொடுத்தேன். “வச்சுக்கறேன். ஆனா உன் யோசனை வேணாம்” என்றார்.

மே மாதம் அந்த ஏழாவது செடியிலிருந்து வேரோடு நான்கு பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டோம். அடுத்த பனிக்கு ஊரெல்லாம் அலைந்து, காற்று புகும் ஓட்டைக் கூடைகளைச் சேர்த்து வந்தது நான்தான்.

எர்சீலியா இன்றும் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறார். அவர் தோட்டத்தில் பத்தொன்பது ஆர்ட்டிசோக் செடிகள் இருக்கின்றன.