கமலம் அக்காவின் கீழுதடு

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் எதிர்வீட்டுக் கமலம் அக்கா வாய்க்காரி. தேக்கா சந்தையில் மீன்காரரே அவரைக் கண்டால் தானாக விலையைக் குறைப்பார். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாகப் பேச்சையே குறைத்துக்கொண்டார். நான் அதட்டிக் கேட்டபோது உதட்டை மடித்துக் காட்டினார். கீழுதட்டின் உட்புறம் தோல் வெள்ளையாகத் தடித்திருந்தது. சூடு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வெற்றிலைச் சுண்ணாம்பு என்றாள் மேல்மாடிக்காரி. அக்கா வெற்றிலையைத் தொட்டதே இல்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று எனக்குத்தான் சந்தேகம். கையோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சிவகாமசுந்தரி சின்ன வயதுக்காரர். புகையிலைப் பழக்கம் உண்டா, பல் உடைந்து உரசுகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்கா இல்லை என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்தது. “கேன்சர் இல்ல ஆன்ட்டி. நீங்க உதட்டைக் கடிச்சுக்கிட்டே இருக்கீங்க. செருப்பு உரசுனா கால்ல காய்ப்பு விழுதுல்ல, அது மாதிரிதான். கடிக்கறத நிறுத்துங்க, தானா சரியாயிடும்.”

“இவ்வளவுதானா லா!” என்று நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

ஏனென்று அன்று சாயங்காலம் அவர் வீட்டில் தெரிந்தது. அவருடைய கணவர் கோவிந்தராசு அண்ணன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மறதி நோய்க்காரர். சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார்: “கவிப்ரியா இன்னும் வரலையா?”

கவிப்ரியா அவர்களுடைய ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். மண்டாயில் தகனம் செய்தபோது அண்ணனும் நின்றார். அது அவர் நினைவில் தங்கவில்லை. ஆரம்பத்தில் அக்கா உண்மையைச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் செத்ததுபோல அண்ணன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாராம். சற்று நேரத்தில் மறந்துவிட்டு, மறுபடியும் அதே கேள்வி. அதோடு அக்கா உண்மையைச் சொல்வதை விட்டுவிட்டார்.

அன்றும் கீழுதட்டைப் பல்லால் அழுத்திக்கொண்டு நின்றார். பிறகு, “ஓவர்டைம்ங்க, வந்துடுவா. நீங்க சாப்பிடுங்க” என்றார். அண்ணன் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வாசல்வரை வந்தபோது மெதுவாகச் சொன்னேன். “டாக்டர் சொன்னதக் கேளுங்கக்கா. கடிக்காதீங்க.”

“கடிக்காட்டி அழுதுடுவேன்டி. அழுதா அவருக்குத் தெரிஞ்சிடும்.”

தைப்பூசம் முடிந்த வாரம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். சில மாதம் கழித்து அக்காவை மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். உதட்டை மடித்து, விளக்கடித்துப் பார்த்தார். தோல் பழையபடி மெத்தென்று சிவந்திருந்தது.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். “வெரி குட் ஆன்ட்டி! எப்படி நிறுத்துனீங்க?”

“இப்ப எம்பொண்ணு எங்கன்னு கேக்க யாரும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, அக்கா அந்த நாற்காலியிலேயே வாய்விட்டு அழுதார்.