சுமலதா வேண்டான்னு சொன்ன சம்பள உயர்வு

சம்பளம் ஏறக் கூடாதுன்னு சண்ட போட்ட ஆளு என் சர்வீஸ்லயே ஒருத்தங்கதான். பேரு சுமலதா. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல எங்க வால்வு கம்பெனியில மூணாவது லைனுக்கு லீடர். நான் அங்கியே எச்.ஆர்.ல கிளார்க்கு, விக்டோரியா. ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தாண்ட அவங்க, இந்தாண்ட நானு, பதினோரு வருஷம் ஓடிப்போச்சு.

ஆரம்பாக்கம் பக்கத்துலேர்ந்து பத்தாவது முடிச்ச கையோட வேலைக்கு வந்தவங்க. வால்வுல காத்து ஏத்தி தண்ணித் தொட்டியில முக்கிப் பாக்கறதுதான் கடைசி டெஸ்ட்டு. மிஷினு பச்ச லைட்டு போட்டத கூட சில நேரம் எடுத்து ஓரமா வெப்பாங்க. திரும்பப் போட்டுப் பாத்தா ஒரே ஒரு காத்துக் குமிழி மேல வரும், எங்கியோ லீக்குன்னு அர்த்தம். வாயும் கொஞ்சம் நீளம். "கண்ணு இன்னா பொடனிலயா கீது?"ன்னு அவங்க கிட்ட வாங்கிக் கட்டிக்காத ஆம்பள அந்த லைன்ல கெடையாது. எனக்கே ரெண்டு தடவ கெடச்சிருக்கு.

புருஷன் பார்த்திபன். புதுவாயல் கூட்டு ரோட்டுல ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தாரு. நாலு வருஷம் முன்ன ரெண்டு கிட்னியும் போச்சு. செவ்வாயும் வெள்ளியும் மெட்ராஸ்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷின்ல படுக்கணும். தொழிலாளிங்களுக்கான கவர்மென்ட் இன்சூரன்ஸ், அந்த இ.எஸ்.ஐ. கார்டு சுமலதா அக்காவுக்கு இருக்கறதால ஒரு பைசா செலவில்ல. வெளிய டப்பு குடுத்து செஞ்சா அக்காவோட சம்பளம் பூரா அதுக்கே போயிடும்.

இங்கதான் சிக்கலு. மாசம் இருபத்தோராயிரம் வரைக்கும்தான் இ.எஸ்.ஐ. அதுக்கு மேல ஒரு நூறு ரூவா ஏறினாலும், கொஞ்ச மாசத்துல கார்டு செத்துடும். ஓ.டி. காசு மட்டும் அந்தக் கணக்குல சேராது. அதனால சுமலதா அக்கா வருஷா வருஷம் பழைய மொதலாளி கிட்டப் போயி, "எனக்கு ஏத்தாதீங்க சார், ஓ.டி. குடுங்க"ன்னு கேப்பாங்க. அவருக்கு கசக்குமா? ஜோரா தலையாட்டுவாரு.

ரெண்டு வருஷம் முன்ன கம்பெனிய ஒரு கனடாக்காரன் வாங்கிட்டான். அங்கேர்ந்து வந்த மேனேஜருதான் க்ளென். அம்பத்தெட்டு வயசு, வெயில்ல தக்காளி மாதிரி செவந்துடுவாரு, நல்ல மனுஷன். ஆனா ஒரு வியாதி அவருக்கு. காலையில நாஷ்டாக்கு கேன்டீன்ல உக்காந்ததும் போன்ல அமெரிக்கா நியூஸ் தொறப்பாரு, தலையில அடிச்சிக்குவாரு. அங்க ஆஸ்பத்திரி பில்லுக்கு ஊட்ட விக்கறாங்களாம், எலக்‌ஷனுக்கு அப்பன் புள்ளையே பேசிக்கறது இல்லையாம். "நல்லவேள நாங்க அமெரிக்கா இல்ல"ன்னு ஒரு நாளைக்கு நாலு வாட்டி சொல்லுவாரு. அவரு கனடாவுல எல்லாருக்கும் கவர்மென்ட் கார்டு இருக்காம், வைத்தியத்துக்கு காசே கெடையாதாம். வியாபாரம் இருக்கட்டும், லாபம் இருக்கட்டும், ஆனா மனுஷனுக்கு நோவு வந்தா அதுல லாபம் பாக்கறது பாவம், இதான் அவரோட கட்சி. பக்கத்து ஊட்டு சண்டைய மதில் மேல ஏறிப் பாத்துக்கினு "எங்க ஊட்ல இப்படி இல்லப்பா"ன்னு சொல்றவங்கள நான் புதுவாயல்லயே நெறைய பாத்திருக்கேன், அதனால சும்மா கேட்டுக்குவேன்.

ஒரு நாள் சும்மா இருக்க முடியல. "சார், உங்க ஊரு பேக்டரிய மூடிட்டுதான இங்க வாங்கினீங்க? அங்க வேல செஞ்சவங்க இன்னா ஆனாங்க?"ன்னு கேட்டுட்டேன். இட்லிய ஸ்பூனால வெட்டிக்கினு இருந்தவரு அப்படியே நிறுத்திட்டாரு. "வேல போனாலும் அவங்களுக்கு டாக்டர் போகல"ன்னாரு. "உங்கம்மா முட்டி ஆபரேஷனுக்கு எத்தினி மாசம் காத்துக்கினு இருந்தாங்கன்னு சொன்னீங்க?"ன்னேன். "பதினாலு. ஆனா பணக்காரனுக்கும் அதே வரிசைதான்." சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு கொஞ்சம் பாவமா இருந்துச்சி.

அந்த வருஷம் ஆகஸ்டுல ஒரு நாள் எல்லாரையும் கூப்ட்டு அறிவிச்சாரு. மூணு ஷிப்டுக்கும் சேத்து ஒம்போது லீடருங்களுக்கும் ஒரே மாதிரி பத்து பர்சன்ட் ஏத்தம். ஆம்பள, பொம்பள, சீனியர், ஜூனியர் எல்லாருக்கும் ஒண்ணு. கை தட்டல் கேன்டீன் கூரைய தூக்கிச்சி. சுமலதா அக்கா மட்டும் தட்டல. நேரா என் டேபிளுக்கு வந்தாங்க.

"விக்டோரியா, இருபத்தி ரெண்டாயிரத்த தாண்டுதுமா. அந்த வெள்ளக்காரர் கிட்ட சொல்லு, எனக்கு வேணாம்."

க்ளென் சார் கேபினுக்கு கூட்டிக்கினு போனேன். பத்தாதுன்னு கேக்க வந்திருக்காங்கன்னு நெனச்சி அவரு சிரிச்சாரு. நான் வெவரம் சொன்னதும் சிரிப்பு போயிடுச்சி. ஆனாலும் முடியாதுன்னாரு. ஒரே வேலைக்கு ஒரு பொம்பளைக்கு மட்டும் கம்மியா குடுத்தா எங்க சட்டமே ஒத்துக்காது, ஆளுக்கு ஒரு ரேட்டு பேசறதெல்லாம் அமெரிக்காக்காரன் வேல, ஹெட் ஆபீஸ்ல என்னைய கிழிச்சிடுவாங்கன்னாரு. நான் அத அப்படியே தமிழ்ல சொன்னேன்.

"நல்லது பண்றேன்னு என் புருஷன கொல்லப் பாக்குறாரா?"ன்னாங்க அக்கா. அத நான் இங்கிலீஷ்ல சொல்லல.

க்ளென் சாரு உடறதா இல்ல. கம்பெனி காசுலயே இன்சூரன்ஸ் போட்டுடலாம்னு ஏஜென்ட்ட வரவழச்சாரு. வந்தவன் பேப்பர விரிச்சான். ஏற்கெனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் கழிச்சுதான் காசு, அதுவும் வருஷத்துக்கு இவ்ளோதான்னு பொடி எழுத்துல போட்டிருந்துச்சி. க்ளென் சார் கண்ணாடிய கழட்டி கழட்டி படிச்சாரு. மூஞ்சி செவசெவன்னு ஆயிடுச்சி. "இது அப்படியே அமெரிக்கா"ன்னாரு.

அக்கா என்னப் பாத்தாங்க. "இன்னா போட்டுக்கீது?" சொன்னேன். "நல்லா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் ஆஸ்பத்திரியா? எம் புருஷன் மிஷினு இல்லாம ஒரு வாரம் தாங்க மாட்டாரு. மூணு வருசமாம்!"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கேட்டீங்களாக்கா?"

"பேரு குடுத்துக்கினுதான் கீறேன். அங்கயும் முன்னாடி ஆளுங்க நிக்கறாங்க, அவங்களும் சாகக் கெடக்கறவங்கதான். எடம் கெடைக்கற வரைக்கும் இவரு ரத்தத்த யாரு சுத்தம் பண்றது?"

செப்டம்பர் கடைசிக்கு நாலு நாள் இருந்துச்சி. இ.எஸ்.ஐ.ல ஆறு மாசத்துக்கு ஒரு தடவதான் கணக்கு மாத்துவாங்க, அக்டோபர் ஒண்ணுன்னா லிஸ்ட்லேர்ந்து பேரு போயிடும். அன்னிக்கு காலையில ஒரு காகிதத்தோட வந்தாங்க, கையால எழுதினது. என்னை லீடர் வேலையிலேர்ந்து இறக்கி பேக்கிங் ஹெல்பரா போடவும், யாரும் வற்புறுத்தல, என் சொந்த விருப்பம்னு இருந்துச்சி. ஹெல்பர் சம்பளம் பதினாறாயிரத்த தொடாது. எனக்கு பத்திக்கினு வந்துச்சி, யாரு மேலன்னுதான் தெரியல.

க்ளென் சார் பேனாவ எடுக்கவே இல்ல. "இவங்கள மாதிரி ஆளு எங்க ஊரு ஹாமில்டன்லயே எனக்கு கெடச்சதில்ல"ன்னாரு.

"அவரு ஊர்ல எல்லாருக்கும் கார்டு கீதுன்னு சொல்வாரே," அக்கா என்னைக் கேட்டாங்க, "சம்பளம் ஏறினா புடுங்கிக்குவாங்களான்னு கேளு."

கேட்டேன். இல்லன்னு தலையாட்டினாரு.

"அப்ப அவருக்குப் புரியாது. கையெழுத்து போடச் சொல்லு."

போட்டாரு. அன்னிலேர்ந்து நான் பாக்கறப்போ கேன்டீன்ல அவரு அமெரிக்கா நியூஸ் தொறக்கல. அடுத்த மாசி வரைக்கும் இருந்தாரு, அப்புறம் ஊருக்குப் போயிட்டாரு.

தானியேல்னு ஒரு பையன லீடர் ஆக்கினாங்க. அக்கா பேக்கிங்ல அட்டப்பொட்டி மடிச்சிக்கினு, டேப்பு ஒட்டிக்கினு இருந்தாங்க. மொத வாரம் கை துறுதுறுன்னு லைன் பக்கமே பாத்துக்கினு இருப்பாங்க. தானியேல் சந்தேகம் கேட்டு வந்தா, "லீடர் நீதான? நீயே முக்கிப் பாரு"ன்னு எரிஞ்சி உழுவாங்க. ஒரு நிமிஷம் கழிச்சி எழுந்து போயி தொட்டியில கைய உட்டு பாத்துக் குடுப்பாங்க. அதுக்கு சம்பளம் கெடையாது. செவ்வாயும் வெள்ளியும் பார்த்திபன் அண்ணன் ஏழு இருவது லோக்கல் ட்ரெயின புடிச்சி போயிக்கினு வந்துக்கினு இருந்தாரு. ஒன்றர வருஷம் அப்படி ஓடுச்சி. அந்த ஒன்றர வருஷத்துல ரெண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்கும், ஒரு தடவ பழவேற்காட்டுக்கும் போயிட்டு வந்தாங்க. போட்டோ காட்டினாங்க, அவரு தொப்பி போட்டுக்கினு இருந்தாரு.

இந்தப் பங்குனியில ஒரு வெள்ளிக்கெழம, ட்ரெயினுக்குக் கெளம்பி சட்ட போட்டுக்கினு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சி. ஆபீஸ்லேர்ந்து நாங்க ஆறு பேரு மாலையோட போனோம்.

காரியம் முடிஞ்சி பதினேழாம் நாள் வேலைக்கு வந்தாங்க. நேரா என் டேபிளு. அழலாமா கூடாதான்னு எனக்குத்தான் தெரியல, அவங்க கண்ணு காஞ்சி இருந்துச்சி. கார்டுலேர்ந்து அவரு பேர எடுக்கணும்னாங்க. கம்ப்யூட்டர்ல எடுத்தேன். காரணம் கேட்டுச்சி, இறப்புன்னு தட்டினேன். ரெண்டு நிமிஷ வேல அது. என் கண்ணு பொங்கிடுச்சி, துப்பட்டாவால தொடச்சிக்கினேன்.

அவங்க எழுந்து போகல.

"நாலாவது லைன் தொறக்கறாங்களாமே, லீடர் போட்டாச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப எனக்கு எழுது."

வெள்ளப் பேப்பர எடுத்தேன். "சம்பளம் இன்னான்னு போடட்டும்?"

"புல்லா போடு," அப்படின்னாங்க. "இனிமே எவ்ளோ ஏறினாலும் எனக்கு பயமில்ல."