பெரிய எண் பார்த்து வாங்கிய மதர்போர்ட்

அந்த ஞாயிறு மத்தியானம் கொட்டாஞ்சேனையில் எங்கள் அறைக்குள் நான்கு பேர் இருந்தோம். நான், துறைமுகத்தில் கிரேன் வேலை. என் மனைவி. அவளின் அக்கா மகன், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவன். நான்காவது ஆள், முதல் நாள்தான் நான் கண்ட ஒரு சிங்களக் கடைக்காரர். யுத்த காலம். தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி.

பெடியனுக்கு இருபத்தொரு வயது. கம்ப்யூட்டர் கேம் என்றால் பைத்தியம். அதற்கென்றே வெள்ளவத்தைக் கேம் கடைக்குப் பஸ் ஏறுவான். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டு ஆமிக்காரர் இரண்டு முறை வழியில் இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் முறை விடுவதற்கு நான்கு நாள் ஆனது. மூன்றாம் முறை திரும்பி வருவானா என்று அவன் தாய் போனில் கேட்டாள். கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் அவனும் வீட்டில் இருப்பான் என்று நினைத்தேன்.

மற்றச் சாமான்கள் வந்துவிட்டன. புரொசசரை அவன் கூட்டாளி ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். மதர்போர்ட் மட்டும் மிச்சம். பெடியன் ஒரு துண்டில் 478 என்று எழுதித் தந்தான். கடைக்கு நான் போனேன். தட்டில் 478-உம் இருந்தது, 775-உம் இருந்தது. எங்கள் வேலையில் கொக்கியில் எழுதிய எண் பெரிதென்றால் அது தூக்கும் பாரமும் பெரிது. பிள்ளைக்கு நல்லதாக இருக்கட்டும் என்று 775 வாங்கினேன். புரொசசரும் அதற்குரியதுதானா என்று கடைக்காரர் கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கம். ஓம் என்றேன்.

வீட்டில் புரொசசர் அதில் பொருந்தி இருக்கவில்லை. நான் பெருவிரலால் அழுத்தினேன். புரொசசரின் அடியில் இருந்த ஊசிக் கால்கள் சில வளைந்துவிட்டன.

"சித்தப்பா, அது பெலத்தின்ர நம்பர் இல்லை. எத்தினை கால் எண்ட கணக்கு," என்றான். கோபிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, தானே கடைக்குப் போவதாகச் சேர்ட்டை எடுத்துப் போட்டான். மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

நானே போனேன். பெடியன் சொன்னதையும் புரொசசரின் கால் வளைந்ததையும் சொன்னேன். போர்டிலும் என் விரல் அழுத்திய தடம் இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார். மாற்றித் தரமாட்டார் என்று நினைத்தேன். விஷயம் தெரிந்த பெடியன் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. 478 போர்டை எடுத்தார், கடையைப் பூட்டினார், என்னோடு வந்தார்.

எங்கள் கட்டிலில் இருந்துகொண்டு தையல் ஊசியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தினார். உதவலாம் என்று நான் கை நீட்டினேன்.

"அய்யே, இது கொண்டெய்னர் இல்லை," என்றார். அண்ணா என்பதை மட்டும் சிங்களத்தில், மிச்சத்தைத் தமிழில்.

மனைவி சிரித்தாள். அவள் சிரித்துக் கனநாள். புரொசசர் ஒருவரும் அழுத்தாமல் தானாக இறங்கி இருந்தது.

எல்லாவற்றையும் பொருத்தி, கேமையும் போட்டார்கள். துவக்குச் சூட்டு விளையாட்டு. முதல் வெடிச் சத்தத்துக்கே பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நாங்கள் மூவரும் விறைத்துப்போனோம். கடைக்காரர் தன் பையில் இருந்து ஒரு ஹெட்போனை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"சத்தம் வெளிய போக வேணாம், மல்லி," என்றார். மல்லி என்றால் தம்பி.

கடையைப் பூட்டும்போதே யோசித்து எடுத்து வந்திருக்கிறார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

விசா வரும்வரை பெடியன் தெருவில் இறங்கவில்லை. மனைவி கலண்டரில் நாளுக்கொரு கோடு போட்டுவந்தாள். அவையெல்லாம் அந்த மனிதர் தந்த நாட்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். அவனை விமானம் ஏற்றிவிட்டு வந்து கோடுகளை எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று.