கூரைக்கு வைத்த காசு

ஈரச் சீமெந்தின் மணம் எனக்கு இன்னும் பிடிக்கும்...

ஸ்கூல் விட்டு வந்ததும் எனக்கு ஒரு வேலை இருந்தது. கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியில், எங்கள் வீட்டு வளவுக்குள் எழும்பிக்கொண்டிருந்த புதுவீட்டின் சுவர்களுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். அது என் வீடு. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குத்தானே சீதனமாக வீடு கொடுப்பது. வாப்பா கத்தாரில் உழைத்து அனுப்ப அனுப்ப, சுவர் கொஞ்சம் கொஞ்சமாக உயரும்.

கூரை இல்லாத அந்த வீடுதான் என் முதல் லேப். மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியதும் அதன் சாமான் அறைக்குள் போய், லேசர் டோர்ச்சின் முன் என் தலைமுடி ஒன்றைப் பிடிப்பேன். எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக விழும். ஒற்றை முடி வெளிச்சத்தை இப்படிப் பிரிக்குமா என்று பைத்தியம் பிடித்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.
அப்போதே முடிவெடுத்துவிட்டேன். படித்தால் பிசிக்ஸ்தான்.

கம்பஸ் படிப்பு முடித்த வருடம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. ஒரு நல்ல சம்பந்தம்... கூரை போட்டதும் நிக்காஹ் வைக்கலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்ய ஓர் இடம்... படிப்புச் செலவு பல்கலைக்கழகத்தினுடையது, போய்ச் சேர்வது என் பாடு.

வீட்டில் இருந்ததோ கூரைக்கு வைத்த காசு மட்டும்.

"வாப்பா, அதில எனக்கு டிக்கெட் எடுத்துத் தாங்க" என்றேன்.

லீவில் வந்திருந்த வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கூரையில்லாத வீட்டுக்கு எந்த மாப்புள வருவான் மகள்?"

"வராட்டி வரட்டும். நான் போகத்தான் போறன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் உம்மா வாயைத் திறந்தார்.

"இஞ்ச பாருங்க, இந்த வீடு ஆருக்கு? அவக்குத்தானே. அவட சீதனத்த அவ கேக்கிறா. மாட்டன் எண்டு சொல்ல நாம ஆரு?"

அடுத்த கிழமையே வாப்பா கூரைக் காசில் டிக்கெட் எடுத்துத் தந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். "கூரையில ஏறி அமெரிக்கா போறாவாம்" என்று ஊர் சிரித்தது.

இப்போது நான் அமெரிக்கப் பிரஜை. தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது. போன மாதம் ஒளி பற்றிய என் ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய விருது கொடுத்தார்கள். இங்கே ஃபேஸ்புக்கில் நீங்கள் எல்லோரும் வாழ்த்தியிருந்தீர்கள், மிக்க நன்றி.

மேடையில் என்னை அறிமுகம் செய்தவர், நான் பெற்ற ஆராய்ச்சி நிதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அதில் உம்மாவும் வாப்பாவும் இல்லை. இன்று உலகத்திலும் அவர்கள் இல்லை.

மைக்கைப் பிடித்து, "எனக்குக் கிடைத்த முதல் ஆராய்ச்சி நிதி, என் சீதனம்" என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்து மண்டபமே சிரித்தது.

அன்று ஊர் சிரித்தபோது ஒன்றும் சொல்லாமல் பிளேன் ஏறினேன். இந்த முறை சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்...
பிறகு அதையே இன்னொரு முறை சொன்னேன்.