இரவல் வெள்ளைச் சேர்ட்

ஜெனி, கெவின், இதை இரண்டு பேரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். சின்ன வயதிலிருந்து நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கதை ஒன்று இருக்கிறதல்லவா, அப்பா பொலிஸில் பிடிபட்ட கதை? அதில் ஆள் பிழை. மற்றதெல்லாம் சரி, ஆள்தான் பிழை. இதை வாயால் சொல்ல எனக்கு முகமில்லை. முந்தாநாள் சாப்பாட்டு மேசையில் தொடங்கினேன். பருப்பைப் பிசைந்துகொண்டே கரண்ட் பில்லைப் பற்றிக் கதைத்து முடித்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்ட மனிதனின் எழுத்து, பிழை பிடிக்காமல் வாசியுங்கள்.

இன்று திங்கட்கிழமை காலை கெவினின் பள்ளிக்கூடச் சேர்ட்டை அயர்ன் பண்ணினேன். உங்கள் அம்மா அதற்குக் கஞ்சியும் நீலமும் போட்டிருந்தார். சூடு பட்டதும் ஓர் ஆவி எழும்பியது. பழஞ்சோற்றுக் கஞ்சியும் நீலமும் வெயிலும் கலந்த மணம். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில், கீழே கடற்கரை ரயில் கத்திக்கொண்டு போகிற நேரத்தில், நான் கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய ஒழுங்கையில் நின்றேன். சேர்ட்டின் கொலரில் ஒரு மஞ்சள் தழும்பு விழுந்தது அதனால்தான். கெவின், மன்னித்துக்கொள்.

அந்த ஒழுங்கையில் சனிக்கிழமை என்றால் இந்த மணம்தான். கொடி நிறைய இம்மானுவேல் சேரின் வெள்ளைச் சேர்ட்டுகள் தலைகீழாகத் தொங்கும். சேர் என்றால் வாத்தியார் இல்லை. கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக். நெட்டையான மனிதர். கோயிலில் முதல் வாசகம் அவர்தான் வாசிப்பார், அவர் ஆங்கிலம் கதைத்தால் பாதர்கூட நின்று கேட்பார். அதனால் ஊரே சேர் என்றது. அவருடைய வீட்டுக்கு நேர் எதிரே, பொதுப் பைப்புக்குப் பக்கத்தில், சூசை அண்ணன் வீடு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கட்டையான ஆள், எந்நேரமும் பெனியன், தோளில் ஒரு துவாய். வேலை முடிந்தால் தவறணை. வேலை இல்லாவிட்டாலும் தவறணை. எங்களை ‘குடிகாரன் வாறான், உள்ளே வா’ என்று என் அம்மா இழுத்துக்கொள்வார். நாங்களும் யன்னலுக்குள் இருந்து பார்த்துச் சிரிப்போம். பொழுதுபோக்குக்கு எங்களிடம் டிவி இருக்கவில்லை, சூசை அண்ணன் இருந்தார்.

அந்த ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை மாதம் ஆன்மாக்களுக்குரிய மாதம் என்பதால், ஒரு பின்னேரம் ஒழுங்கை வாசலில் இருக்கும் மாதா சொரூபத்துக்கு முன்னால் எல்லோரும் கூடி, போன கார்த்திகைக்குப் பிறகு செத்தவர்களுக்காகச் செபமாலை சொல்வார்கள். அதற்கு முன் ஒருவர் எழும்பி, செத்த ஒவ்வொருவரைப் பற்றியும் கொஞ்சம் கதைக்க வேண்டும். சொந்தக்காரர் கதைக்கக் கூடாது. அழுது குழப்பிவிடுவார்கள், அல்லது இல்லாத பெருமையெல்லாம் அளப்பார்கள் என்று ஆரோ பழைய ஆட்கள் போட்ட சட்டம். ஒருவருக்கு ஒரு முறைதான். அடுத்த கார்த்திகை அடுத்த ஆட்களுக்கு.

இந்த முறை மூன்று பேர். செசிலியா அன்ரி, இம்மானுவேல் சேர், சூசை அண்ணன். ஒழுங்கையின் செபக் குழுவை நடத்துகிற ரீட்டா அக்கா எனக்குக் கோல் எடுத்தார்.

“தம்பி, நீங்கதான் வந்து கதைக்கோணும். இங்க இருக்கிறதுகளுக்கு மைக்கைக் கண்டா நாக்கு ஒட்டிக்கொள்ளும்.”

“நான் இப்ப வெள்ளவத்தை ஆள் அக்கா.”

“வெள்ளவத்தைக்குப் போனா வாய் மாறிடுமா? வாங்க தம்பி.”

எனக்குப் புளுகம், நிலத்தில் கால் படாத சந்தோசம். பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த சிங்கள நோனா என் வாய் அசைவதைப் பார்த்து எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

செசிலியா அன்ரியைப் பற்றி நன்றாகக் கதைத்தேன். அவருடைய சேவல் பாதரைக் கொத்தியதைச் சொன்னபோது பாதரே சிரித்தார். பிறகு சூசை அண்ணன். “அவர் பாடிக்கொண்டு வந்தா எங்கட வீட்டில உலை வைப்பம், மணிக்கூடு பாக்கிறதில்லை. இந்த மாதாவுக்கு ஒவ்வொரு நாளும் சல்யூட் அடிச்சு குட்நைட் சொன்ன ஒரே மனுசன் அவர்தான்.” கதிரைகள் ஆடுகிற மாதிரிச் சிரிப்பு. அவருடைய மனைவி திரேசா அக்கா முன்வரிசையில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பார்த்தீர்களா, அவருக்கே சிரிப்பு வருகிறது என்று நான் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அவ்வளவோடு சூசை அண்ணன் முடிந்தார்.

கடைசியாக இம்மானுவேல் சேர். அதற்காகத்தான் உங்களுக்குத் தெரிந்த அந்தக் கதையை வைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் ஒரு தமிழ்ப் பொடியன் ரோட்டில் இறங்கக் கூடாது. சுற்றிவளைத்தால் ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலர் அன்றே திரும்புவார்கள். சிலர் வர மாதக் கணக்காகும். சிலருக்காக வீட்டில் இன்னமும் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். நான் அப்போது புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அட்டையைக் காற்சட்டைப் பொக்கற்றில் மறந்துவிட்டேன். அம்மா அந்தக் காற்சட்டையைச் சேர்ட்டுகளோடு சேர்த்து நீலத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார். காலையில் வேலைக்குப் போகும் வழியிலேயே பிடிபட்டேன்.

பொலிஸ் ஸ்டேசனுக்குள்ளே ஒரு நீளமான அறை. பல பேர் நிலத்தில் குந்திக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் ஆணி விற்கிற சிங்களம். அது அங்கே உதவவில்லை. யன்னல் பலகை ஒன்று உடைந்திருந்தது. அதற்கு வெளியே ஒரு குரல் கேட்டது. மரியாதையான, தாழ்ந்த குரல். “மஹத்தயா, மே அபே மல்லி.” ஐயா, இது எங்கள் தம்பி. அதட்டினார்கள். குரல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. “மே அபே மல்லி, மஹத்தயா.” பகல் முழுக்க அப்படி. ஒரு முறை உடைந்த பலகைக்குள்ளால் கை ஒன்று தெரிந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட்டின் கை, விரல்களை மூடுகிற அளவுக்கு நீளம். அதில், நற்கருணையை ஏந்துவது போல, நீலம் பாய்ந்து ஊதிப்போன என் அடையாள அட்டை. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பின்னேரம் என்னை விட்டார்கள். வெளியே ஜாம் மரத்தடியில், ஆட்கள் காத்திருக்கிற மர வாங்குக்குப் பக்கத்தில், இம்மானுவேல் சேர் வெள்ளைச் சேர்ட்டும் குடையுமாக நின்றார். நான் அழுதுகொண்டே அவருடைய கையைப் பிடித்தேன். வீட்டுக்குச் சேர்ந்து நடந்து வந்தோம். அம்மா கேக் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சேர், “நானில்லை, சூசைதான்” என்றார். அம்மா எங்களிடம் வந்து, “பெரிய மனுசர் இப்பிடித்தான், தாங்கள் செய்ததை அடுத்தவன்ர தலையில போட்டிடுவினம்” என்றார்.

அதையும் மைக்கில் சொன்னேன், பிள்ளைகளே. “தான் செய்த நன்மையைக் கொண்டுபோய் ஒரு குடிகாரனுக்குக் குடுத்த பெருந்தன்மை” என்று சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். கை தட்டினார்கள்.

செபமாலை முடிந்து பணிசும் இஞ்சி பிளேன்டீயும் கொடுத்தார்கள். சேரின் மகள் ஸ்டெல்லா என்னை மதிலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்ணா, அது அப்பா இல்லை.”

“எது?”

“உங்கட அம்மா அட்டையை அப்பாட்டதான் கொண்டுவந்து குடுத்தவ. ஆனா அப்பாவுக்கு எங்க சிங்களம்? இங்கிலிசில கதைச்சா இன்னும் கோவம் வரும் எண்டு பயந்துபோய் வீட்டுக்குள்ளதான் இருந்தவர். சூசை மாமா வந்து, ‘சேர், அந்த அட்டையையும் ஒரு வெள்ளைச் சேர்ட்டையும் தாங்க, இந்த பெனியனோட போனா என்னையும் சேத்து உள்ள போடுவான்’ எண்டு கேட்டவர். எனக்கு நல்லா ஞாபகம், நான்தான் கொடியால எடுத்துக் குடுத்தன். அப்பா பின்னேரந்தான் குடையைத் தூக்கிக்கொண்டு பாக்க வந்தவர். உங்கட அம்மா தந்த கேக்கை அவர் தொடவேயில்லை. சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், ஆர் நம்பினது?”

நெட்டை மனிதரின் சேர்ட்டைக் கட்டை மனிதர் போட்டால் கை விரல்வரை வரத்தானே செய்யும்? அந்த நீளக் கையை இத்தனை வருடமாக உங்களுக்கு விரலை மடக்கி நடித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு நாளும் ஏன் நீளம் என்று யோசிக்கவில்லை. குரலாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். குடிக்காத சூசை அண்ணனின் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

திரேசா அக்கா குனிந்து கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். நானும் ஒரு கப்பைக் கையில் எடுத்தேன். மைக் பிடித்த கை.

“என்ன தம்பி, இன்னொரு தேத்தண்ணி வேணுமா?”

“அக்கா, அண்டைக்குப் பொலிசுக்கு வந்தது...”

“ஸ்டெல்லா சொல்லிட்டாவா?” கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினார். “எனக்குத் தெரியுந்தானே. நான்தான் கஞ்சி போட்டுக் கழுவித் திருப்பிக் குடுத்தன் அந்தச் சேர்ட்டை.”

“ஏன் அக்கா ஒருத்தரும் சொல்லேல்ல?”

“அவர்தான் வேணாமெண்டவர். ‘குடிகாரன் சொன்னா ஆருடி நம்புவா? பேர் சேருக்குப் போனாப் போகட்டும், அந்தப் பொடியன் வீட்டுக்கு வந்திட்டான்தானே’ எண்டார்.” பிறகு கொஞ்சம் சிரித்தார். “அவருக்கு வேற ஒரு பெருமை, தம்பி. அண்டைக்கு விடியத்தில இருந்து பின்னேரமட்டும் ஒரு சொட்டுக் குடிக்கேல்ல. மணந்தா விரட்டிடுவானாம். கையெல்லாம் உதறலாம். உங்களை விடச் சொல்லிப் பொலிஸ் பெரியவன் தலை ஆட்டினதும் ஒரே ஓட்டம் தவறணைக்கு. அதைத்தான் ஆயுசுக்கும் சொல்லுவார், ‘நான் ஒரு நாள் முழுக்கக் குடிக்காம இருந்தவன்டி’ எண்டு.”

“நான் இப்பவே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுறன் அக்கா.”

அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கதிரைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மைக்கின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாதர் போய்விட்டார்.

“ஆருக்குச் சொல்லப் போறீங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “அவரை நல்லாப் பகிடியாச் சொன்னீங்க, நானும் சிரிச்சன். நேரமாச்சு, பஸ் இல்லாமப் போயிடும்.”

நான் போய்விட்டேன். அதுதான் உண்மை. கதிரை ஏற்றுகிறவர்களை நிறுத்தச் சொல்லி, இரண்டு வார்த்தை கத்தியிருக்கலாம். வெள்ளவத்தைக்குப் பஸ் வந்துகொண்டுதானிருக்கும். ஆனால் கை தட்டு வாங்கிய இடத்தில் நின்று, நான் சொன்னது பிழை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பகல் முழுக்க அதட்டு வாங்கியும் திரும்பத் திரும்பப் போய் நின்ற மனிதருக்காக எனக்கு ஒரு தடவை கத்த முடியவில்லை. சூசை அண்ணனின் கார்த்திகை முடிந்துவிட்டது. இனி அந்தச் சொரூபத்துக்கு முன்னால் அவரைப் பற்றி ஒருவரும் கதைக்கப் போவதில்லை.

பிறகு ரீட்டா அக்காவுக்குக் கோல் எடுத்து நடந்ததைச் சொன்னேன். “ஐயோ, அப்பிடியா? சரி விடுங்க தம்பி, ரெண்டு பேரும் மோட்சத்திலதானே” என்றார். அவர் இனி நாலு பேருக்குச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்ட கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள். அப்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். சூசை. கட்டையான ஆள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குடிப்பார். அதையும் விடாமல் சொல்லுங்கள், அதை விட்டால் அன்றைய பகல் அவருக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று தெரியாமல் போய்விடும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போவதாக உங்களிடம் சொன்னேன். மீன் இல்லை என்று வெறுங்கையோடு வந்ததும் உங்கள் அம்மா ஏசினதும் உங்களுக்குத் தெரியும். நான் மார்க்கெட் பக்கமே போகவில்லை. என் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனேன். போகிற வழியில் எங்கள் ஒழுங்கை, இப்போது பொதுப் பைப்பு இல்லை, கொடிகள் இல்லை, இரண்டு பக்கமும் மாடி. தவறணை இருந்த இடத்தில் போன் கடை. ஸ்டேசனில் அந்த நீள அறையை இடித்துவிட்டார்கள். ஜாம் மரமும் இல்லை, அதற்குக் கீழே இருந்த மர வாங்கும் இல்லை. மரம் நின்ற இடத்தில் சீமெந்துத் தரையும் சுவரோரம் இரும்புக் கதிரைகளும்.

ஒன்றில் இருந்தேன். வெயில் காலில் ஏறியது. ஜெனியின் வயதுள்ள ஒரு பொலிஸ் பொடியன் வெளியே வந்து, யாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

“அபே அய்யா,” என்றேன். எங்கள் அண்ணன்.

உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிப் போனான்.

இருந்தேன்.