கடைசியாக வந்த குரல்

பத்தாம் தரப் பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் படிப்பிக்கச் சொல்லி, திருகோணமலை நகரில் மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். திரும்பி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கணினி டீச்சர் என்றால் பழுதான கணினிகளுக்குத் தூசி தட்டுகிறவள் என்று நினைத்திருந்த பாடசாலையில், எனக்கும் ஒரு பெரிய விஷயம் கிடைத்துவிட்டது.

போலிக் குரல் எப்படிச் செய்யப்படுகிறது என்று காட்ட வேண்டும். யாரோ ஒரு மந்திரியின் குரல் எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு? எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த குரல் ஒன்று இருக்கிறதே, மீனவர் சங்கச் செயலாளரின் குரல். கடல் நிலை பற்றிய அறிவித்தல் கிடைத்ததும் அவர் அதை வட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். எழுதவே மாட்டார். காற்று மாறினால் மறுபடியும் பேசி அனுப்புவார். அதனால் கடைசியாக வந்ததுதான் கணக்கு. குசினியில் பெண்கள் அதைச் சத்தமாகப் போட, ஆண்கள் வலையைத் தூக்குவார்கள், இல்லாவிட்டால் திரும்பிப் படுப்பார்கள்.

என் போனில் கிடந்த அவருடைய பழைய பேச்சுகள் நாலைந்தை, பயிற்சியில் காட்டித் தந்த செயலிக்குக் கொடுத்து, நான் தட்டச்சு செய்ததைப் பேச வைத்தேன். “கடல் அமைதி. பயப்பிடாமல் இறங்குங்கோ.” பேசி முடித்ததும் அவர் தொண்டையைச் செருமுவார். அதுவும் செருமியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது.

அது கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்றுக் காலம். வகுப்பறை ஜன்னல்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தோம். கேட்டவுடனே பொய் என்று பிடிபட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வசனத்தைத் தெரிவு செய்தேன். பிள்ளைகள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பிறகு பலகையில் எழுதினேன்: ஒருவருடைய அனுமதி இல்லாமல் அவருடைய குரலை எடுக்கக்கூடாது. எல்லோரும் அதைக் கொப்பியில் அழகாக எழுதிக்கொண்டார்கள். நான் செயலாளரிடம் கேட்டிருக்கவில்லை. அது ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை, எழுதிக்கொண்டிருந்த எனக்கும் உறைக்கவில்லை.

அடுத்த நாள் காலை, முதல் மணி அடிக்கும் முன்னமே அந்த வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

“டீச்சர், அப்பா கடலுக்குப் போயிட்டார்.”

“இந்தக் காத்துக்கோ? ஏன்?”

“நீங்கள் செய்த குரலைக் கேட்டிட்டுத்தான்.”

அந்தப் பாடத்துக்காக வீட்டுப் போனைக் கொண்டுவர நான்தான் அனுமதித்திருந்தேன். அவள் அந்தக் குரலைப் பதிந்து, சிரிப்பதற்காகத் தன் மச்சாளுக்கு அனுப்பியிருக்கிறாள். ‘டீச்சர் செய்தது’ என்று எழுதியும் இருக்கிறாள். மச்சாள் குரலை மட்டும் இன்னொருவருக்கு அனுப்ப, அது கைமாறிக் கைமாறிக் கரைக்காரர்களின் வட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டது. முதல் நாள் பொழுதுபட, கடலுக்கு இறங்க வேண்டாம் என்று செயலாளர் உண்மையாகவே சொல்லியிருந்தார். என்னுடைய பொய் அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்தது. அனுப்பியது யாரென்று பார்க்காமல், காற்று மாறிவிட்டதாக்கும் என்று தகப்பன் நினைத்திருக்கிறார். மகள் எழும்பும் முன்பே, மற்றவர்கள் தயங்கி நிற்க, அவருடைய வள்ளம் போய்விட்டது.

அப்போது என் வாயில் முதலில் வந்தது, “நீ ஏன் அதை அனுப்பினனீ?” என்பதுதான். பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் பழியைப் போடப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

செயலாளரைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர், “நான் பாக்கிறன்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பெரிய எஞ்சின் போட்டில் அவரே தேடிப் போனார். நானும் அந்தப் பிள்ளையும் அவளுடைய தாயும் கரையில் நின்றோம். தாய் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் அளவில், தகப்பனின் வள்ளத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வலை போய்விட்டது. மனிதர் நடுங்கிக்கொண்டு இறங்கி, நேரே செயலாளரிடம் திரும்பினார்.

“நீங்கள்தானே அண்ணை இறங்கச் சொன்னனீங்கள்?”

“நான் சொல்லேல்லை, தம்பி.”

“என்ர காதால கேட்டனான். நீங்கள் செருமினதும் கேட்டது.”

நான் முன்னால் போய், அது நான் செய்தது என்றேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. செய்த தவறை இந்த மனிதர் ஒரு டீச்சரைக் கொண்டு மறைக்கிறார் என்பது போல, செயலாளரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவரைப் போய் அப்படிப் பார்க்கிறாரே என்று திகைத்துப்போனேன்.

ஒரு கிழமை கழித்து மன்னிப்புக் கேட்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். மறுபடியும் காற்று எழும்பியிருந்தது; அவர் அறிவித்தலும் பேசி அனுப்பியிருந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவருடைய போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, “ஓம், நான்தான். ஓம், நான்தான் சொன்னனான்” என்றார். நாலாவது தடவை எடுக்கவில்லை.

“நீங்கள் நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறீங்கள், டீச்சர்,” என்றார். குரலில் கோபமே இல்லை. “இப்ப ஒருத்தரும் என்ர குரலை நம்புறேல்லை.”

அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, இறங்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்குச் சைக்கிளை எடுத்தார்.